டார்ச் வெடித்தது சரி, உள்ளே இருந்த செல் யாருடையது?

கேள்வி: 2,400 ரூபாய்க்கு எல்இடி டார்ச் வாங்கினேன். இரண்டு 18650 லித்தியம் செல் போடுவது. ஒரு வருடத்தில் ஒரு செல் சார்ஜ் நிற்காமல் போனதால், டவுனில் ஒரு கடையில் 9900 எம்ஏஎச் என்று போட்டிருந்த செல்லை 180 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன ராத்திரி கையிலேயே வெடித்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. டார்ச் கம்பெனிக்காரர்கள் மரியாதையில்லாமல் பேசிவிட்டு, இப்போது 45,000 தருகிறோம் என்கிறார்கள். 10 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? 14 மாதம் ஆகிவிட்டது.

பதில்: கம்பெனிக்காரர் பேசிய தொனியும் அம்மா தூங்காத இரவுகளும் உங்கள் கடிதத்தில் மூன்று பக்கம் வருகின்றன. நுகர்வோர் ஆணையத்தில் அதற்கு இரண்டு வரி போதும். வழக்கு நிற்பதும் விழுவதும் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயத்தில்தான்: பழைய செல் ஒன்று, புதுச் செல் ஒன்று.

இரண்டு செல்லும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் டார்ச்சில் பலவீனமான செல் முதலில் காலியாகும். மற்றது அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். செல் சூடாகும், வாயு கிளம்பும். தண்ணீர் புகாதபடி இறுக மூடிய அலுமினியக் குழாயில் அது போக வழி ஏது? அப்புறம் அந்த 9900 எம்ஏஎச், அதாவது செல்லில் எவ்வளவு மின்சாரம் நிற்கும் என்ற கணக்கு. 18650 அளவில் நல்ல செல்லே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கும். லேபிளே பொய்.

எனவே கம்பெனி வக்கீல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 84-ஐ எடுத்து, 'டார்ச்சில் என்ன குறைபாடு, நிரூபியுங்கள்' என்பார். டார்ச் விற்ற கடைக்காரருக்குப் பிரிவு 87 இருக்கிறது: பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர் மீது பொறுப்பு வராது. 'ஒரே வகைச் செல்களை மட்டும் போடவும்' என்று கையேட்டில் அச்சடித்திருந்தால் உங்கள் பாடு இன்னும் கஷ்டம்.

செல் விற்ற கடை மீது வழக்கு இதைவிட வலுவானது. தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்றால் விற்றவரே பொறுப்பு என்கிறது பிரிவு 86. பில் இல்லை என்கிறீர்கள். ஜிபேயில் கட்டினீர்களா? அந்தப் பதிவை இன்றே எடுத்து வையுங்கள்.

ஆனால் என்னிடம் வந்தவர்கள் விழுந்த குழி வேறு. ஒருவர் கருகிய டார்ச்சை 'பார்த்துச் சொல்கிறோம்' என்று கேட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டார். திரும்பி வந்தது ஒரு காகிதம்: 'வேறு பேட்டரி பயன்படுத்தப்பட்டுள்ளது'. பொருள் வரவே இல்லை. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஆணையம் தயாராக இருந்தது, அனுப்பத்தான் எதுவும் இல்லை. இன்னொருவர் வீட்டில், நாற்றம் தாங்காமல் வெடித்த செல்லைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். எந்தச் செல் வெடித்தது என்பதுதான் உங்கள் வழக்கே. அது போனால் கடைக்காரர் 'பழையதுதான் வெடித்திருக்கும்' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். எதையும் கழுவாமல், பிரிக்காமல், போட்டோ எடுத்து, மணல் போட்ட தகர டப்பாவில் வீட்டுக்கு வெளியே வையுங்கள். யார் கேட்டாலும் கையில் கொடுக்காதீர்கள். இரண்டும் ஒரே மாதிரிச் செல் என்று புகாரில் எழுதிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. சத்தியப் பிரமாணத்தில் பொய் சொன்னால் அது தனி வழக்கு.

10 லட்சம் வராது. கம்பெனி தரும் 45,000-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் தலைவலி வேண்டாம் என்று தருகிறார்கள், தப்பை ஒப்புக்கொண்டு அல்ல. கையெழுத்துப் போடும் காகிதத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். 'இச்சம்பவம் தொடர்பாக யார் மீதும் இனி உரிமை கோரமாட்டேன்' என்றிருந்தால், 'இந்தக் கம்பெனி மீது மட்டும்' என்று திருத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் செல் கடைக்காரரையும் சேர்த்து விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அவருக்கு முதலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பேச்சுவார்த்தை என்று இழுத்தடித்தால் காத்திருக்காதீர்கள். வழக்குப் போட உள்ள இரண்டு வருடக் கெடுவில் உங்களுக்கு மீதி இருப்பது பத்து மாதம்.