கம்பி வளைத்த கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

26 ஆண்டுகளாக அட்டைப்பெட்டிகளுக்கும் விளம்பரங்களுக்கும் வடிவமைப்பு செய்து வருகிறேன். ஓவியமும் சிற்பமும் கல்லூரி நாள்முதல் இருக்கும் ஆசை. இரவுகளில் வரைந்த 11 நோட்டுகள் அலமாரியில் கிடக்கின்றன. ஊரார் சரக்குக்காக ஆயுளை வீணாக்கிவிட்டேனோ என்று தோன்றுகிறது. வேலையை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் 'புதிதாக' என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சிற்பி ஹாரி பெர்டோயாவை நினைத்துக்கொள்கிறேன். 1915இல் இத்தாலியில் பிறந்து, 15 வயதில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு வந்த அவர், கிரான்புரூக் கலைக்கழகத்தின் உலோகப் பட்டறையைப் பொறுப்பேற்று நடத்தினார். போர்க்காலத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கொஞ்சம் உலோகத்திலேயே முடிந்துவிடும் நகைகளின் பக்கம் திரும்பினார். அதே ஆண்டுகளில், யாரும் கேட்காமலேயே, ஒரே ஒரு படி மட்டும் எடுக்கக்கூடிய அச்சோவியங்களையும் செய்துகொண்டிருந்தார். வாழ்நாள் முழுவதும் அதை விடவில்லை.

1950இல் நோல் என்ற அறைகலன் நிறுவனம், இன்னதைச் செய் என்று சொல்லாமல், பென்சில்வேனியாவில் அவருக்கு வேலை கொடுத்தது. எஃகுக் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்து அவர் செய்த டயமண்ட் நாற்காலி 1952இல் வெளிவந்தது. சிற்பம்போல அதுவும் பெரும்பாலும் காற்றாலானது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதன் வருவாய் கொடுத்த தெம்பில் அறைகலன் வேலையை விட்டுச் சிற்பத்துக்கு வந்தார். 1954இல் நியூயார்க் வங்கி ஒன்றுக்காக 70 அடி நீள உலோகத் திரையை அமைத்தார். பின்னர் ஒருநாள், வளைத்துக்கொண்டிருந்த கம்பி முறிந்து இன்னொரு கம்பியில் மோத, எழுந்த ஓசை அவரைப் பிடித்துக்கொண்டது. 1978இல் இறக்கும்வரை, தொட்டால் அசைந்து ஒலிக்கும் கம்பிச் சிற்பங்களைச் செய்து தம் பழைய களஞ்சியத்தில் நிறைத்தார். அவற்றில் கையெழுத்திடும் வழக்கம்கூட அவருக்கில்லை.

வடிவமைப்பாளர் ஒருவர் கலைஞராக 'மாறிய' கதையாக இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தக் கம்பி எவ்வளவு வளையும், எங்கே முறியும் என்பதை அந்தக் கை நகையிலும் நாற்காலியிலும் பழகியிருந்தது. உங்கள் 26 ஆண்டுகளும் அப்படித்தான். தட்டையான அட்டையை மடித்து ஒரு கன உருவத்தை எழுப்பத் தெரிந்தவர் சிற்பத்துக்கு அந்நியர் அல்லர். ஆனால் நாற்காலி அவருக்குச் சோறு போட்டது என்பதையும் மறக்க வேண்டாம். வீட்டுக் கணக்கைப் பார்க்காமல் ராஜினாமா எழுதச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

தொழில் உங்களுக்குக் கற்றுத்தராதது ஒன்று உண்டு. இதுவரை வேலை முடிந்தது என்று வாடிக்கையாளர் சொன்னார். இனி அதைச் சொல்ல ஆளிருக்காது. தூரிகையைவிட இதுவே உங்களை அதிகம் படுத்தும் என்று நினைக்கிறேன்.

அந்த 11 நோட்டுகளில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவேயில்லை. அவற்றைத் தரையில் வரிசையாக விரித்துப் பாருங்கள். ஏதாவது ஓர் உருவம் திரும்பத் திரும்ப வந்திருந்தால், வேலையில் இருந்துகொண்டே, அதை முதலில் களிமண்ணில் செய்து பாருங்கள்.