மூணு மணி நேர பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, 2016ல வந்த ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்: டான் ஆஃப் ஜஸ்டிஸ்’ படத்தை பத்தி எழுதும்போது, தியேட்டர்ல ஓடின வெர்ஷனை விட்டுட்டு அல்டிமேட் எடிஷன்னு வந்த நீளமான வெர்ஷனை பாருங்கன்னு சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகள்லயே இந்த தடவை பக்கம் நிறைஞ்சு போச்சு. கோவமா எழுதினவங்க, ஆமா ஆமான்னு எழுதினவங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க. எல்லாருக்கும் தனித்தனியா பதில் போட இடமில்ல, அதனால ஒரே மாதிரி கேள்விகளை சேத்துட்டேன்.

கேள்வி: தியேட்டர்ல பாத்தப்பவே தலையும் புரியல வாலும் புரியல. எப்படா முடியும்னு இருந்துச்சு. இதுல இன்னும் அரை மணி நேரம் சேத்தா எப்படி சார் நல்லாயிருக்கும்? இன்னும் இழுவையாதானே இருக்கும்?

நிறைய பேர் கேட்ட கேள்வி இதுதான். தியேட்டர் வெர்ஷன் 151 நிமிஷம், அல்டிமேட் எடிஷன் 182 நிமிஷம். கணக்குப்படி பாத்தா இழுவை கூடணும். ஆனா ஒரு படம் இழுவையா தெரியறதுக்கு நீளம் மட்டும் காரணமில்லீங்க, எதுக்கு இந்த சீன் வருதுன்னு தெரியாம உக்காந்திருக்கறதும் காரணம். உங்களுக்கு தலை வால் புரியலன்னா அது உங்க தப்பு இல்ல, புரிய வைக்கிற சீன்களைத்தான் வெட்டி எடுத்துட்டாங்களே.

ஆப்பிரிக்கா சீனையே எடுத்துக்கோங்க. சூப்பர்மேனோட காதலி, ரிப்போர்ட்டர் லோயிஸ் பேட்டி எடுக்க போறா, மாட்டிக்கறா, சூப்பர்மேன் வந்து காப்பாத்தறாரு, அப்புறம் அங்க செத்துப்போனவங்களுக்கு சூப்பர்மேன்தான் காரணம்னு அமெரிக்க செனட்ல விசாரணை நடக்குது. தியேட்டர் வெர்ஷன்ல நாம பாக்கறது கூலிப்படை ஆளுங்க துப்பாக்கியால சுடறதை. குண்டு பட்டு செத்தவங்களுக்கு சூப்பர்மேன் மேல எப்படி பழி வரும், அவர் எதுக்கு துப்பாக்கி தூக்கணும்? அங்கயே நமக்கு படத்து மேல நம்பிக்கை போயிடுது. நீளமான வெர்ஷன்ல என்னன்னா, சுட்டு முடிச்சதும் அந்த கூலிப்படை பிணங்களை தீ வச்சு எரிக்குது, அதாவது சூப்பர்மேன் கண்ணுலருந்து வர்ற வெப்பத்துல எரிஞ்ச மாதிரி காட்டறதுக்கு. செனட் முன்னாடி சாட்சி சொன்ன பொண்ணு, தன்னை பொய் சொல்ல வச்சதா அப்புறமா விசாரணையை நடத்தற செனட்டர் ஃபிஞ்ச்கிட்ட ஒத்துக்கறா, அதுக்கப்புறம் அவளையும் ரயில் முன்னாடி தள்ளி கொன்னுடறாங்க. இவ்வளவும் சேந்தாதான் வில்லன் லெக்ஸ் லூதர் ஒரு ப்ளான் போட்டு சூப்பர்மேனை மாட்டி விடறான்ங்கறது நமக்கு தெரியுது.

அடுத்தது கிளார்க் கென்ட், அதாவது சாதாரண மனுஷனா வாழற சூப்பர்மேன். தியேட்டர் வெர்ஷன்ல அவர் ஒரு ரிப்போர்ட்டர்ங்கறதே பேருக்குதான். பேட்மேன் மேல அவருக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேட்டா சரியான பதில் கிடையாது. அல்டிமேட் எடிஷன்ல அவர் பேட்மேன் இருக்கற காத்தம் நகரத்துக்கே போறாரு, தெரு ஜனங்ககிட்ட பேசறாரு, பேட்மேன் சூடு போட்டு முத்திரை குத்தின ஒருத்தன் ஜெயில்ல கொலையானதும் அவனோட வாழ்ந்த பொண்ணை போய் பாக்கறாரு. அந்த ஜெயில் கொலைக்கு பின்னாடி லூதரோட கை இருக்குங்கறதும் இதுலதான் காட்டறாங்க. ரெண்டு பேரையும் மோத விடறதுக்காக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எண்ணெய் ஊத்திட்டே இருந்திருக்கான். அந்த சண்டை ஏன் நடக்குதுன்னு இதுக்கப்புறம் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

கேள்வி: நீளமான வெர்ஷன் பாத்தேன். கதை புரிஞ்சுது, ஒத்துக்கறேன். ஆனா பேட்மேன் அப்பவும் ஆளுங்களை கொல்லத்தான் செய்யறாரு, ‘மார்த்தா’ சீன் அப்பவும் அப்படியேதான் இருக்கு. என்ன பெருசா மாறிடுச்சு?

நீங்க சொல்றது முழுசா சரி, அதை மறுக்கவே மாட்டேன். பேட்மொபைல் வர்ற சேஸிங்ல வண்டிகளை நசுக்கறது, கிடங்கு சண்டை, நடுவுல வர்ற அந்த பாலைவன கனவு, ஃப்ளாஷ்ங்கற இன்னொரு ஹீரோ திடீர்னு வந்து எச்சரிக்கை குடுத்துட்டு போறது, க்ளைமாக்ஸுக்கு கொஞ்சம் முன்னாடி படத்தை நிறுத்தி வச்சுட்டு மத்த ஹீரோக்களோட வீடியோவை வொண்டர் வுமன் உக்காந்து பாக்கறது, இதெல்லாம் ரெண்டு வெர்ஷன்லயும் இருக்கு. இது எடிட்டிங்ல வந்த பிரச்னை கிடையாது, எழுதும்போதே எடுத்த முடிவு. அதனால அரை மணி நேரம் இல்ல, ரெண்டு மணி நேரம் சேத்தாலும் சரியாகாது.

மார்த்தா சீனை பத்தி மட்டும் கொஞ்சம் பேசணும், ஏன்னா அதை வச்சு இத்தனை வருஷமா எல்லாரும் கிண்டல் பண்றாங்க, எனக்கு அது வருத்தமா இருக்கு. படத்தோட ஆரம்பத்துலயே ப்ரூஸோட, அதாவது பேட்மேனோட அப்பா சாகும்போது கடைசியா சொல்ற வார்த்தை ‘மார்த்தா’, அது ப்ரூஸோட அம்மா பேர். சூப்பர்மேனோட அம்மா பேரும் அதேதான். அந்த பேரை தான் கொல்லப்போற சூப்பர்மேன் வாயில கேக்கும்போது, ஒரு காலத்துல தன் அப்பா அம்மாவை சுட்டவன் நின்ன இடத்துல இப்ப தானே நிக்கறோம்னு அவருக்கு உறைக்குது. யோசனை ரொம்ப பெரிய யோசனைங்க. ஆனா எந்த மகனும் சாகற நேரத்துல அம்மாவை பேர் சொல்லி கூப்பிட மாட்டான், அதனால அந்த வசனம் காதுல விழும்போதே செயற்கையா இருக்கு. நீளமான வெர்ஷன்ல கிளார்க் அம்மாவுக்கு ஃபோன் போட்டு பேசற ஒரு சின்ன சீன் முன்னாடியே வருது, அது கொஞ்சம் உதவுது, ஆனா அந்த செயற்கைத்தனம் முழுசா போகல.

கேள்வி: லெக்ஸ் லூதரா வந்த ஜெஸ்ஸி ஐசன்பெர்க்கை பொறுக்கவே முடியல. இதுலயாவது அவர் நடிப்பு பரவாயில்லையா?

நடிப்பு அதேதான். மோசமான படங்களுக்கு கிண்டலா குடுக்கற ராஸி விருதுல அந்த வருஷம் மோசமான துணை நடிகர்னு அவருக்குதான் குடுத்தாங்க, மோசமான திரைக்கதை விருதும் இந்த படத்துக்குத்தான் போச்சு. எனக்கும் அவர் பேசற விதம் நிறைய இடத்துல ஒட்டல. ஆனா தியேட்டர் வெர்ஷன்ல உளறிட்டு திரியற பையனா தெரிஞ்சவன், இதுல உளறலுக்கு பின்னாடி கணக்கு போட்டுட்டே இருக்கறவனா தெரியறான். போலீஸ் வந்து பிடிக்கறதுக்கு முன்னாடி சூப்பர்மேனோட கிரகமான க்ரிப்டன்லருந்து வந்த கப்பலுக்குள்ள, ஸ்டெப்பன்வுல்ஃப்ங்கற வேற்றுகிரக வில்லனோட உருவத்து முன்னாடி அவன் நிக்கற சீன் இதுல இருக்கு. கடைசியில ஜெயில்ல அவன் மணி அடிச்ச மாதிரி சத்தம் குடுத்துட்டு யாரோ வர்றாங்கன்னு சொல்றது எதை வச்சுங்கறதுக்கு அதுல பதில் கிடைக்குது.

கேள்வி: இவ்வளவு முக்கியமான சீன்னா அப்புறம் ஏன் வெட்டினாங்க? காசு குடுத்து தியேட்டருக்கு போனவங்க என்ன பாவம் பண்ணாங்க?

மூணு மணி நேர படம்னா ஒரு நாளைக்கு ஓட்டற ஷோ குறையும். வன்முறை கூடினா சென்சார்லயும் வயசு கட்டுப்பாடு ஏறும். அமெரிக்காவுல தியேட்டர் வெர்ஷனுக்கு பிஜி 13தான், அல்டிமேட் எடிஷனுக்கு, 17 வயசுக்கு கீழ இருக்கறவங்க பெரியவங்க கூடதான் பாக்கணும்ங்கற ஆர் ரேட்டிங். வியாபாரத்துக்கு இதெல்லாம் நியாயமான காரணம்தான். எனக்கு கோவம் வர்றது எதை வெட்டணும்னு தேர்ந்தெடுத்த விதத்துலதான். அடுத்தடுத்த படங்களுக்கு விளம்பரமா இருக்கற சீன்களை அப்படியே வச்சுட்டு, இந்த படத்தோட கதையை நகத்தற சீன்களை தூக்கியிருக்காங்க.

இதுல எனக்கு ரொம்ப வலிச்சது செனட் விசாரணை நடக்கற கேபிடல் கட்டிடம் வெடிக்கற சீன். தியேட்டர் வெர்ஷன்ல அத்தனை பேர் செத்துக்கிடக்க நடுவுல சூப்பர்மேன் சோகமா நிக்கறாரு, அப்புறம் காணாம போயிடறாரு. என்னடா இவரு ஒருத்தரையும் தூக்காம போறாருன்னு கேட்டவங்க எத்தனை பேர்! வெட்டின சீன்ல அவர் காயம்பட்டவங்களை தூக்கிட்டு வந்து வெளிய சேக்கறாரு. அப்புறம் விசாரணைக்கு வந்த ஒருத்தரோட வீல் சேர், குண்டு இருந்தது அதுலதான். அதுல ஈயத்தகடு வச்சிருந்ததால, எதையும் ஊடுருவி பாக்கற சூப்பர்மேனால உள்ள என்ன இருக்குன்னு பாக்க முடியலங்கறதை ஜெனா மலோன் வர்ற ஒரு ஆய்வுக்கூட சீன்ல லோயிஸுக்கு சொல்றாங்க. அந்த நடிகையோட கேரக்டரே தியேட்டர் வெர்ஷன்ல இல்ல. வீல் சேர்ல வந்த ஆளுக்கே தான் சாகப்போறோம்னு தெரியாதுங்கறதையும் லோயிஸ் கண்டுபிடிக்கறா. ஒரு ஹீரோவை கல்நெஞ்சக்காரனா காட்டறதும் மனுஷனா காட்டறதும் இந்த சில நிமிஷத்துலதான் இருந்திருக்கு, அதை போய் எடுத்துட்டாங்க.

தியேட்டருக்கு போனவங்க பாவம் பண்ணலீங்க. முதல் நாள் நம்பி வந்தவனுக்குதான் முழு படத்தை காட்டியிருக்கணும். அப்புறமா டிஸ்க்ல போட்டு இன்னொரு தடவை விக்கறது சரியில்லங்கறதுல நான் உங்க பக்கம்தான்.

கேள்வி: படம் ஹிட்டா ஃப்ளாப்பா? நண்பர்களுக்குள்ள பெரிய வாக்குவாதம்.

உலகம் முழுக்க 87 கோடி டாலருக்கு மேல வசூல். அமெரிக்காவுல முதல் வார இறுதியில மட்டும் 16 கோடியே 60 லட்சம் டாலர் பக்கம். ஃப்ளாப்னு சொல்ல முடியாது. ஆனா ரெண்டாவது வார இறுதியில வசூல் கிட்டத்தட்ட 69 சதவீதம் விழுந்துச்சு, பாத்தவங்க வெளிய வந்து என்ன சொன்னாங்கங்கறது அந்த ஒரு எண்ணுலயே தெரியுது. ரெண்டு பக்கத்து நண்பர்களும் அவங்கவங்களுக்கு வேண்டிய எண்ணை எடுத்துக்கலாம்.

கேள்வி: ஜஸ்டிஸ் லீக் ஸ்னைடர் கட்டும் இதே கதைதானே?

இல்ல, அது வேற. இங்க டைரக்டர் ஸாக் ஸ்னைடர் எடுத்த படத்துலருந்து அரை மணி நேரத்தை குறைச்சாங்க, அவ்வளவுதான். இந்த ஹீரோக்கள் ஒண்ணா சேர்ற ஜஸ்டிஸ் லீக் படத்துல, அவர் குடும்பத்துல நடந்த ஒரு பெரிய துயரத்தால 2017ல பாதியில விலகிட்டாரு, ஜாஸ் வீடன்ங்கற இன்னொரு டைரக்டர் வந்து நிறைய சீன்களை புதுசா எடுத்து 120 நிமிஷத்துல முடிச்சாரு. 2021ல வந்த ஸ்னைடர் கட் 242 நிமிஷம். அது சீன் சேத்த வெர்ஷன் இல்ல, வேற படம்னே சொல்லலாம். சைபார்க் கதாபாத்திரத்தை ரெண்டுலயும் பாருங்க, ஒண்ணுல கூட்டத்துல ஒருத்தர், இன்னொண்ணுல அவர்தான் படத்தோட நெஞ்சே.

கேள்வி: அப்ப எக்ஸ்டெண்டட் கட் எது வந்தாலும் நம்பி பாக்கலாமா?

வேண்டாம். 2016லயே வந்த சூசைட் ஸ்குவாடுக்கும் ஒரு நீளமான வெர்ஷன் இருக்கு, பத்து நிமிஷத்துக்கு மேல சேத்திருக்காங்க, ஆனா படத்துல இருந்த எந்த ஓட்டையும் அடையல. 2003ல வந்த டேர்டெவில் படத்தோட டைரக்டர்ஸ் கட் அப்படியில்ல, தியேட்டர்ல தூக்கின ஒரு கொலை வழக்கு கதையை முழுசா திருப்பி சேத்தாங்க, அந்த ஹீரோ வக்கீலாவும் வேலை பாக்கறாருங்கறதுக்கு அப்பதான் அர்த்தமே வந்துச்சு. நான் பாக்கறது சேத்த சீன்கள் கதையோட காரணத்தை சொல்லுதா, இல்ல வெறும் அலங்காரமாங்கறதை மட்டும்தான். சண்டையில நாலு குத்து கூடுதல்னா எனக்கு அது தேவையில்ல.

கேள்வி: பத்து வயசு பையன் கேக்கறான், எந்த வெர்ஷனை காட்டட்டும்?

ரெண்டையும் இப்போதைக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன். நீளமான வெர்ஷன்ல ரத்தம் கூட. தியேட்டர் வெர்ஷன்லயும் இருட்டும் பயமும் அதிகம், பேட்மேன் சூடு போடற விஷயம் எல்லாம் அந்த வயசுக்கு தாங்காது.

கேள்வி: எனக்கு பிடிச்சது மியூசிக் மட்டும்தான். தப்பா?

தப்பே இல்ல. ஹான்ஸ் ஸிம்மரும் ஜங்க்கி எக்ஸ்எல்லும் சேந்து பண்ணது. வொண்டர் வுமன் வரும்போது அலறற அந்த எலக்ட்ரிக் செல்லோ டீனா குவோ வாசிச்சது. படத்தை வெறுத்தவங்க எழுதின லெட்டர்லகூட அந்த இடத்தை பாராட்டியிருக்காங்க.

கேள்வி: ஒரு தடவை பாத்து வெறுத்த படத்தை இன்னொரு தடவை பாக்கறது நேர விரயம் இல்லையா?

எதை வெறுத்தீங்கங்கறதை பொறுத்தது. பேட்மேன் கொல்லக்கூடாது, சூப்பர்மேன் சிரிக்கணும், இப்படித்தான் அவங்க எனக்கு வேணும்னு நினைக்கறவங்கன்னா விட்டுடுங்க, உங்க எதிர்பார்ப்பு நியாயமானது, இந்த படம் எந்த நீளத்துலயும் அதை குடுக்காது. கதை ஒட்டல, ஏன் எதுக்குன்னு தெரியல, சூப்பர்மேன் ஒரு மரக்கட்டை மாதிரி நின்னாருங்கறதுதான் உங்க குறைன்னா கண்டிப்பா பாருங்க, அதுவும் ஒரே மூச்சுல பாருங்க, தவணையில பாத்தா திரும்பவும் அதே குழப்பம்தான் மிஞ்சும். கிளார்க் காத்தம்ல விசாரிக்கற சீன்கள் வரைக்கும் வந்தும் பிடிக்கலன்னா தாராளமா நிறுத்திட்டு எனக்கு எழுதுங்க, அடுத்த இதழ்ல அதையும் போடறேன்.