பாய்ப்படகில் சீஷெல்ஸ் போக இரண்டரை இலட்சமா?

கேள்வி: திருகோணமலை திருக்கடலூரிலிருந்து 24 வயதுத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். தகப்பனோடு நெடுநாள் படகில் தொழிலுக்குப் போய்ப் பழகியவர். மாசி மாத அளவில் உட்துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுப் பாய்ப்படகு ஒன்றில் குறூவாக, அதாவது படகோட்ட உதவும் ஆளாக ஏறி, மாலைதீவு வழியாகச் சீஷெல்ஸ் வரை போக ஆசை. ஊரில் ஒருவர் இரண்டரை இலட்சம் ரூபா கேட்கிறாராம். படகில் இடம், மாலுமிப் புத்தகம், எமிக்ரேஷன் வேலை எல்லாம் அதற்குள் அடக்கம், பாதிக் காசு முதலில். கொடுக்கலாமா, என்னென்ன பத்திரம் வேண்டும் என்று கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. பாதியும் வேண்டாம், அட்வான்ஸ் என்று ஐயாயிரமும் வேண்டாம்.

உங்களுக்கு விற்கப்படுவது அந்த ஆளிடம் இல்லாத பொருள். நம் துறைமுகத்துக்கு வரும் பாய்ப்படகுகளில் பெரும்பாலானவை தனியாருடைய சொந்தப் படகுகள். கணவனும் மனைவியுமாக இரண்டு பேர்தான் ஓட்டி வருவார்கள். இரவுக் காவலுக்கு மூன்றாவது ஆள் இருந்தால் கொஞ்சம் தூங்கலாம் என்பதற்காகக் குறூ தேடுவார்கள். யாரை ஏற்றுவது என்பதைக் கப்டன் ஒருவரே தீர்மானிப்பார். அவர் உங்களோடு இருந்து தேத்தண்ணி குடித்து, நாலு கேள்வி கேட்டு, முடிந்தால் ஒரு நாள் கடலில் கூட்டிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பார். அதற்கு அவர் யாருக்கும் தரகு கொடுப்பதில்லை. வழியில் சாப்பாட்டுச் செலவில் பங்கு கேட்கலாம், அது வழமை. ஆனால் இடத்துக்கு விலை கிடையாது.

தரகர் செய்வது என்ன? ஜெட்டிப் பக்கம் நின்று படகின் பெயரைப் பார்த்து வைத்துக்கொள்வார். பின்னால் படகு தெரியும்படி ஒரு படம் எடுப்பார். கப்டனோடு கதைத்து முடித்துவிட்டேன் என்பார். கப்டனுக்கு இவரைத் தெரியவே தெரியாது. காசு கைமாறிய பிறகு படகு போய்விடும், 'காற்று மாறிவிட்டது, அடுத்த படகு பார்ப்போம்' என்ற கதை வரும். இப்படிக் காசைத் தொலைத்துவிட்டு வீட்டில் சொல்லவும் முடியாமல் திரிந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். நகை அடகு வைத்த காசு அது. இந்த ஊரில் அந்த ஆட்கள் இன்னும் தலை நிமிர்ந்து நடக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் கப்பல்களுக்கே இப்படி வாங்க அனுமதி இல்லை. 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இலங்கையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கப்பலில் வேலை எடுத்துக் கொடுப்பதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று அது சொல்கிறது. மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவு மட்டும்தான் மாலுமியுடையது. ஆகவே யார் எந்தப் பெயரில் கேட்டாலும், கப்பல் வேலைக்குக் காசு என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று இதைவிட மோசமானது. 'துறைமுகத்துக்குள் பாஸ் எடுப்பது கரைச்சல், நிலாவெளிக் கடலில் படகு வந்து நிற்கும், இரவில் பைபர் படகில் கொண்டுபோய் ஏற்றிவிடுகிறேன்' என்று சொல்வார்கள். அதோடு பேச்சை நிறுத்துங்கள். அனுமதிக்கப்பட்ட துறைமுகத்தில் குடிவரவு அதிகாரியிடம் போகாமல் நாட்டை விட்டு வெளியேறுவது குற்றம். அவுஸ்திரேலியாவுக்கும் ரீயூனியனுக்கும் போன படகுகளுக்குப் பிறகு கடற்படையும் பொலிசும் இந்தக் கரையை எப்படிப் பார்க்கின்றன என்று உங்களுக்கே தெரியும். நேர்மையான வெளிநாட்டுக் கப்டன் எவரும் அப்படி ஆள் ஏற்ற மாட்டார். அவருடைய படகையே பறிமுதல் செய்துவிடுவார்கள்.

சரி, பத்திரங்களுக்கு வருவோம். உங்களுக்கு முக்கியமான தாள் குறூ லிஸ்ட், படகில் போகிறவர்களின் பெயர்ப் பட்டியல். கப்டன் தன் படகின் துறைமுக அலுவல்களுக்குப் பொறுப்பான ஏஜென்ட் மூலமாக அதில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும். புறப்படும்போது குடிவரவு அதிகாரி உங்கள் கடவுச்சீட்டில் முத்திரை குத்த வேண்டும். இரண்டும் நடந்தால் நீங்கள் முறைப்படி போகிறீர்கள், நடக்காவிட்டால் இல்லை. கடவுச்சீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் இருக்கட்டும். மாலுமிப் புத்தகம் சொந்தப் பாவனைப் படகுக்குத் தேவையில்லை. வர்த்தகக் கப்பலுக்குப் போகிறவர்களுக்கானது அது. அதைக் கொடுப்பது கொழும்பிலுள்ள வணிகக் கப்பல் செயலகம். ஊரில் ஒருவர் செய்து தருகிறேன் என்றால் அது கள்ளப் புத்தகம். அதோடு பிடிபட்டால் சிறைக்குப் போவது நீங்கள், அவர் அல்ல.

மாலைதீவுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை, இறங்கும்போது 30 நாள் தருவார்கள். சீஷெல்சுக்கும் விசா இல்லை, ஆனால் இணையத்தில் பயண அனுமதி முன்பே எடுக்க வேண்டும். கப்டன் ரீயூனியனுக்கும் போகலாம் என்றால் கவனம். அது பிரான்சுக்குச் சொந்தம், நம் கடவுச்சீட்டுக்கு விசா கட்டாயம். மாலைதீவுக்குத் தெற்கேயுள்ள சாகோஸ் தீவுகளில் நங்கூரம் போடப் படகுக்கு முன் அனுமதி வேண்டும், இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி, காசு கொடுப்பது நியாயமாகிற ஒரே இடம். இதை நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இதைக் காட்டித்தான் தரகர்கள் பிள்ளைகளைக் குழப்புகிறார்கள். படகில் வந்த குறூவுக்கு எந்தத் துறைமுகத்திலும் பொறுப்பாளி கப்டன். உங்களை இறக்கிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட முடியாது. உங்களுக்கு ஊர் திரும்ப டிக்கெட் இருக்கிறது என்று காட்டினால்தான் அந்த நாட்டு அதிகாரிகள் உங்கள் பெயரைக் குறூ லிஸ்டிலிருந்து எடுப்பார்கள். இல்லாவிட்டால் டிக்கெட்டை அவர்தான் வாங்க வேண்டும். அதனால் நல்ல கப்டன்களும் கேட்பார்கள்: 'திரும்புகிற டிக்கெட்டைக் காட்டு, அல்லது அந்தத் தொகையை என்னிடம் வைத்திரு.' இது ஏமாற்று அல்ல.

ஆனால் எப்படிக் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் வழி, உங்கள் பெயரிலேயே திகதி மாற்றக்கூடிய டிக்கெட் ஒன்றை நீங்களே வாங்கி, கப்டனுக்குப் பிரதி மட்டும் கொடுப்பது. இதுதான் நல்லது. அவர் காசாகத்தான் வேண்டும் என்றால், டிக்கெட் விலைக்கு மேல் ஒரு சதமும் கூடாது. கப்டனின் கையில் கொடுங்கள், இடையில் எவர் கையிலும் வேண்டாம். குறூ லிஸ்டில் உங்கள் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். என்ன தொகை, எந்தத் துறைமுகத்தில் இறங்கும்போது திருப்பித் தருவார் என்று இரண்டு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், எந்த இடத்திலிருந்து ஊருக்கு வரும் டிக்கெட் என்பதையும் யோசியுங்கள். மாலைதீவின் வட முனையில் படகுகள் முதலில் போய் நிற்பது உலிகமு என்ற சின்னத் தீவில். அங்கே கப்டனோடு ஒத்துவராமல் இறங்கினால், வேகப்படகில் ஹனிமாதூ போய், உள்ளூர் விமானத்தில் மாலே போய், அங்கிருந்துதான் கொழும்பு. மாலே – கொழும்பு டிக்கெட்டை மட்டும் கணக்குப் போட்டால் மிச்ச வழிக்குக் கையில் காசு இருக்காது. அந்த மிச்சத்தை உங்கள் பையில் தனியாக வையுங்கள்.

நேரம்? படகுகள் தாய்லாந்து, மலேசியாவின் லங்காவிப் பக்கமிருந்து வாடைக்காற்றில் (வடகிழக்குக் காற்றில்) தை முதல் வரத் தொடங்கும். வைகாசியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பும் முன்னர் இலங்கையை விட்டுப் போய்விடப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் படகு தேடி அலைவதில் பிரயோசனமில்லை, வங்காள விரிகுடாவில் அது புயல் காலம். காலியிலிருந்து உலிகமுவுக்கு 400 கடல் மைலுக்குச் சற்று மேல். பாய்ப்படகு நாளுக்கு 120 மைல் அளவில் போகும் என்று வைத்தால் மூன்று, நான்கு நாள். மாலைதீவின் தென்கோடியிலிருந்து சீஷெல்ஸ் ஆயிரம் மைலுக்கு மேல். நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் காற்றே இல்லாமல் படகு நாள்கணக்கில் மிதந்து கொண்டிருக்கும். சொன்ன நாளில் போய்ச் சேரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு ஒரு பலம் உண்டு. வாந்தி எடுக்காமல் நிற்கத் தெரியும், முடிச்சுத் தெரியும், எஞ்சினில் கை வைக்கத் தெரியும். கப்டனிடம் இவற்றைச் சொல்லுங்கள். தேவேந்திரமுனைக்குத் தெற்கே பெரிய கப்பல்களின் பாதையை இரவில் கடந்தவர் என்றால் அதையும் சொல்லுங்கள், அங்கே காவல் நிற்கத் தெரிந்த ஆளுக்கு மதிப்பு இருக்கிறது. பாய் வேலை தெரியாது என்பதை மறைக்காதீர்கள்.

நீங்களும் படகைப் பாருங்கள். முன்னணியத்திலிருந்து பின்னணியம் வரை தட்டில் ஓடும் நாடாவைத் தேடுங்கள். இரவில் இடுப்பு வாரின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். நகத்தால் அந்த நாடாவைச் சுரண்டிப் பாருங்கள். நிறம் வெளிறி, விறைத்து, நூல் மாவாக உதிர்ந்தால் அது வெயிலில் செத்த நாடா. விழும்போது உங்களைத் தாங்காது. உயிர்காப்புத் தெப்பத்தின் பெட்டியில் அடுத்த சேர்விஸ் திகதி ஒட்டியிருக்கும், அதை வாசியுங்கள். திகதி கடந்திருந்தால், கப்டன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஏற வேண்டாம்.

இவ்வளவையும் ஒரு பிள்ளைக்கு இந்த ஊரிலேயே சொல்லிக் கொடுக்க ஒரு மேசை இல்லை. ஒரு தாளுக்குக் கொழும்புக்கு இரவு ரயில், இன்னொரு தாளுக்கு வேறு ஊர். கேட்கப் போனால் 'அடுத்த கிழமை வாருங்கள்.' வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938 இல் நம் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போய்ச் சேர்ந்தது. அந்த மாலுமிகளின் நாட்டுப் பிள்ளைகள் உலகத்தின் மிக நல்ல இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றின் வாசலில் நின்று, உள்ளே நிற்கும் படகுக்காரரோடு கதைக்க வழி தெரியாமல் தரகரைப் பிடிக்கிறார்கள். அலுவலகங்கள் வாய் திறக்காததால்தான் தரகர் பிழைக்கிறார்.

தை பிறந்ததும் செய்யுங்கள். படகுகளுக்குப் பொறுப்பான ஏஜென்டின் அலுவலகத்துக்கு நேரே போய், பெயர், வயது, கடல் அனுபவம், தொலைபேசி எண் எழுதிய ஒரு தாளை ஆங்கிலத்தில் கொடுத்து, குறூ தேடும் கப்டன்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். உப்புவெளியில் சாப்பிட வரும் படகுக்காரரோடு நீங்களாகவே கதையுங்கள். ஒருவர் சரி என்று ஏற்றினால், போகும் நாளில் ஊரார் யாராவது 'அங்கே ஒருவரிடம் கொடுத்துவிடு' என்று பார்சல் நீட்டுவார்கள். சொந்தக்காரராக இருந்தாலும் வாங்காதீர்கள். அதற்குள் என்ன இருந்தாலும், படகில் உங்கள் பைக்குள் இருந்தால் அது உங்களுடையது.