திறமூல மென்பொருளுக்குச் சட்டம் தேவையா?

கேள்வி: அரசு அலுவலகங்கள் திறமூல மென்பொருளையே (மூல நிரலை, அதாவது நிரலாளர் எழுதிய கட்டளைத் தொகுப்பை, எவரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய மென்பொருளையே) பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் இயற்றுவது, தனியார் நிறுவனங்களின் போட்டியிடும் வாய்ப்பைப் பறிப்பதாகாதா?

பதில்: பெரு நாட்டில் இத்தகைய மசோதா முன்வைக்கப்பட்டபோது, 2002இல் மைக்ரோசாஃப்ட் எழுப்பிய ஆட்சேபங்களில் இதுவும் ஒன்று. சட்டம் எந்த நிறுவனத்தையும் விலக்கவில்லை, மூல நிரலைப் பார்க்கவும் திருத்தவும் இடம்தரும் உரிமத்தையே கோருகிறது என்று நாடாளுமன்ற உறுப்பினர் எட்கர் வில்லனுவேவா மறுமொழி அளித்தார். குடிமக்களின் ஆவணங்களைக் காக்கும் அரசு, ஒரே விற்பனையாளரின் தயவில் இருக்கலாகாது என்ற வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது. (செலவு குறையும் என்று மட்டும் பேசுவோர், ஊழியர் பயிற்சிக்கும் தரவு மாற்றத்துக்கும் ஆகும் செலவை மறந்துவிடுகிறார்கள்.) எனினும், தகுந்த மாற்று இல்லாத துறைகளில் விதிவிலக்கற்ற கட்டாயம் பணிகளை முடக்கிவிடும். 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள சுவிட்சர்லாந்துச் சட்டமோ, கூட்டாட்சி அரசு தனக்காக உருவாக்கும் மென்பொருளின் மூல நிரலை, பாதுகாப்புக் காரணமோ பிறர் உரிமையோ தடுத்தாலொழிய, வெளியிடச் சொல்கிறது.