கிரேட்ஃபுல் டெட் ரசிகர்கள் ஒரே பாட்டின் பல கச்சேரிப் பதிவுகளை ஏன் வாங்குகிறார்கள்?

ஸ்டூடியோ ஆல்பம் இருக்க, பழைய கச்சேரிப் பதிவுகள் எதற்கு, சிங்கப்பூரில் இருந்துகொண்டு சேகரிப்பது கட்டுப்படியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எஸ்பிளனேடில் கர்நாடகக் கச்சேரி கேட்பவர் என்றால் பாதி பதில் உங்களிடமே இருக்கிறது. நேற்றுப் பாடிய கல்யாணி இன்று அப்படியே வராது. இந்த அமெரிக்க ராக் குழுவும் இரவுக்கு இரவு பாட்டு வரிசையை மாற்றியது. மேடையிலேயே பாட்டை விரித்து வாசித்தது. ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்ய 1984 முதல் அரங்கில் தனி இடமே ஒதுக்கியது!

1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியிலிருந்து தொடங்குங்கள். ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ முடியாமலே ‘ஃபயர் ஆன் தி மவுண்டன்’ ஆக மாறும் இடத்தைக் கவனியுங்கள்; தாளம் எங்கே கைமாறியது என்று பிடிப்பது கடினம். குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் பதிவு செய்த அந்தக் கச்சேரி, பல்லாண்டுகள் ரசிகர்களிடையே நாடாவாகச் சுற்றி, 2017இல்தான் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. 1993இல் தொடங்கிய ‘டிக்ஸ் பிக்ஸ்’ என்ற கச்சேரிப் பதிவு வரிசையில் 36 தொகுதிகள் உள்ளன. குழுவின் காப்பக நாடாக்களைப் பராமரித்த டிக் லட்வாலாவின் பெயர் அது. எல்லாவற்றையும் வாங்குவது, என் கணிப்பில், வெறும் பிடிவாதம்.

செலவுக்கு வருவோம். 2023 முதல் இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் பொருள் சேவை வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு. கனமான இசைத்தட்டுப் பெட்டிக்கு அஞ்சல் கட்டணமும் கடிக்கும். நம் ஈரக்காற்றில் அட்டை உறைகளில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் நான் குறுந்தட்டையே பரிந்துரைப்பேன்.