இணையக் கருத்தாய்வுப் பேனல்கள்: போலி விடைகளை எங்கே தடுப்பது? – கேள்வி பதில்

வினாத்தாள் எழுதுவதிலும், வந்து சேர்ந்த விடைகளைச் சலித்தெடுப்பதிலும் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில், இணையக் கருத்தாய்வுகளுக்குப் பணமோ புள்ளிகளோ பெற்றுப் பதில் சொல்வோரின் குழுக்கள், அதாவது துறையில் நாங்கள் ‘பேனல்’ என்று சொல்பவை பற்றி வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, பேனலில் லட்சக்கணக்கானோர் இருந்தால், சில போலிகள் கலந்தாலும் கணக்கு சரியாகிவிடாதா?

ஆகாது. 1936-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது; ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றினார். யாரைக் கேட்டார்கள், அவர்களில் யார் மெனக்கெட்டுப் பதில் போட்டார்கள் என்பதில்தான் கோளாறு இருந்தது. விளம்பரத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய இன்றைய பேனல்களுக்கும் அதே நோய் உண்டு. இதற்கு மாறாக, நெதர்லாந்தில் 2007-இல் தொடங்கிய ‘லிஸ்’ பேனல், மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் தெரிவு செய்த சுமார் 5,000 குடும்பங்களைக் கொண்டு அமைந்தது. கணினியும் இணையமும் இல்லாத வீடுகளுக்கு அவற்றையும் கொடுத்தது. அங்கே தாமாக வந்து சேர வழியில்லை என்பதே அதன் பலம்.

கேள்வி: நான் ஆய்வு மாணவி. அரிதான ஒரு நோய் உள்ளவர்களை இணையப் பேனலில் தேடுகிறேன். போலி விடைகள் எனக்கு எவ்வளவு தூரம் கேடு செய்யும்?

உங்களுக்குத்தான் அதிகம். 1,000 பேரில் உண்மையில் 10 பேருக்கு அந்த நோய் இருக்கிறது, 50 பேர் எதைக் கேட்டாலும் ‘ஆம்’ என்று சொல்லிப் பணம் பெற வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு வரும் 60 ‘நோயாளிகளில்’ ஆறில் ஐந்து பேர் போலிகள். இது வெறும் கற்பனைக் கணக்கன்று. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2022-இல் யாரும் சேரக்கூடிய ஒரு பேனலில், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்கும் உரிமம் உங்களிடம் உள்ளதா என்று கேட்டபோது, 30 வயதுக்குட்பட்டோரில் 12 விழுக்காட்டினர் உள்ளது என்றார்கள்! ஆகவே, ‘உங்களுக்கு இந்த நோய் உண்டா?’ என்று நேரடியாகக் கேட்காமல், பல நோய்களின் பட்டியலைக் கொடுத்து, இல்லாத நோயின் பெயர் ஒன்றையும் அதில் கலந்து, பொருந்துவனவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள். எதைத் தேடுகிறீர்கள் என்பது பதிலாளருக்குத் தெரியவே கூடாது.

கேள்வி: ‘இந்த வரியில் மூன்றாவது விடையைத் தேர்ந்தெடுங்கள்’ என்பது போன்ற பொறிக்கேள்வியும், வேகமாக முடிப்பவர்களை நீக்குவதும் போதாவா?

அவை கவனக்குறைவானவர்களைப் பிடிக்கும். மோசடிக்காரர்களைப் பிடிக்காது, ஏனென்றால் அவர்களுக்கு இது பிழைப்பு, பொறி இருக்குமிடம் அத்துப்படி. பியூ மையத்தின் 2020 ஆய்வில், போலி எனக் கண்டறியப்பட்டவர்களில் 84 விழுக்காட்டினர் பொறிக்கேள்வியையும், 87 விழுக்காட்டினர் வேகச் சோதனையையும் தாண்டிவிட்டார்கள்.

நான் பெரிதும் நம்புவது, சொந்தமாக எழுதச் சொல்லும் கேள்விகளையே. ஒருமுறை பற்பசை பற்றிய ஆய்வொன்றில், நள்ளிரவுக்குப் பின் ஒரே நிமிடத்தில் நுழைந்த பதினொரு பேர், ‘ஏன் இதை வாங்கினீர்கள்?’ என்ற கேள்விக்கு ‘நல்ல சுவயாக உள்ளது’ என்று எழுதியிருந்தார்கள். பதினொன்றிலும் ‘சுவை’க்கு அதே எழுத்துப்பிழை. பதினொரு பேரும் பொறிக்கேள்வியில் தேறியிருந்தார்கள், நேரமும் இயல்பாகவே இருந்தது; அந்த ஒற்றை எழுத்துதான் காட்டிக்கொடுத்தது.

கேள்வி: நான் பதிலளிக்கும் பக்கத்தில் இருப்பவன். பதினெட்டு நிமிடம் பதில் சொன்ன பிறகு ‘நீங்கள் தகுதி பெறவில்லை’ என்று புள்ளிகள் தராமல் அனுப்பிவிட்டார்கள். இது நியாயமா?

நியாயமில்லை. தகுதிக் கேள்விகளை முதல் இரண்டு நிமிடங்களுக்குள் முடித்துவிட வேண்டும், அதற்கும் சிறு தொகையாவது தர வேண்டும். இப்படி ஏமாந்த நேர்மையாளர் பேனலைவிட்டுப் போய்விடுவார்; போலிக்காரரோ எந்த விடை சொன்னால் உள்ளே விடுவார்கள் என்று கற்றுக்கொண்டு, வேறொரு கணக்கில் திரும்பி வருவார். நிறுவனங்கள் தங்கள் கையாலேயே நல்லவர்களை வடிகட்டி வெளியேற்றும் இடம் இதுதான்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்த பின் இந்தச் சோதனைகளுக்கு அர்த்தம் உண்டா?

வினாத்தாளுக்குள் வைக்கும் சோதனைகளுக்கு அர்த்தம் வேகமாகக் குறைந்து வருகிறது. டார்ட்மத் கல்லூரியின் ஷான் வெஸ்ட்வுட் 2025-இல் வெளியிட்ட ஆய்வில், அவர் உருவாக்கிய செயற்கைப் பதிலாளர் கவனச் சோதனைகளில் 99.8 விழுக்காட்டில் தேறியது. எனவே காவல் வாசலுக்கு நகர வேண்டும்: அஞ்சல் முகவரிக்கு அழைப்பு அனுப்புதல், பணம் போகும் வங்கிக் கணக்கு ஒருவருக்கு ஒன்றுதானா என்று பார்த்தல், ஒரே கருவியிலிருந்து பல கணக்குகள் வருகின்றனவா, இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் வழியாக வருகிறார்களா என்று கவனித்தல். செலவு கூடத்தான் செய்யும். மலிவான விடைகளைக் கேட்கும் வாடிக்கையாளரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம்.

கேள்வி: பேனல் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கேட்பது?

ஆய்வுத் துறையின் பன்னாட்டு அமைப்பான எசோமார் 2021-இல் வெளியிட்ட 37 கேள்விகளின் பட்டியலை அனுப்பிப் பதில் கேளுங்கள். சந்தை, சமூக ஆய்வுகளுக்கான ஐஎஸ்ஓ 20252 தரச்சான்றிதழ் உண்டா என்றும் பாருங்கள். எனக்கு முக்கியமானது ஒன்றே: உங்கள் பேனலில் ஆள் போதாதபோது வேறெவரிடமிருந்து ஆள் வாங்குகிறீர்கள்? இதற்கு மழுப்பினால் விலகிவிடலாம்.

கேள்வி: யாரை நீக்குவது என்பதை எப்போது முடிவு செய்ய வேண்டும்?

விடைகளைப் பார்ப்பதற்கு முன்பே. விதியை எழுதிவைத்து, எத்தனை பேரை எதற்காக நீக்கினோம் என்பதை அறிக்கையில் சொல்ல வேண்டும். எல்லா வரிகளிலும் ஒரே விடைக்கட்டத்தையே வரிசையாகத் தொட்டவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். இருபது வரி கொண்ட கேள்வி அட்டவணையைச் சிறிய செல்பேசித் திரையில் எழுத்துகளைப் பெரிதாக்கி நகர்த்தி நகர்த்திப் படிக்கும் அறுபது வயதுக்காரரும் அப்படித்தான் தொடுவார். ஒரே அறிகுறியை வைத்து அவரை நீக்கினால், முதியோரின் குரலே ஆய்விலிருந்து போய்விடும். குறைந்தது இரண்டு அறிகுறிகளாவது சேர்ந்து வரும்போது மட்டுமே நான் நீக்குகிறேன். ஒன்று மட்டும் வந்தால், முதலில் என் வினாத்தாளைத்தான் திறந்து பார்க்கிறேன்.