பென்டிரைவ் இல்லாமல் லினக்ஸ்

கேள்வி: கல்லூரி லேபில் 40 கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றிலும் பென்டிரைவ் செருகாமல், நெட்வொர்க் வழியாகவே டெபியன் லினக்ஸ் போட முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். பயாஸில் (கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்புகளில்) பிஎக்ஸ்இ பூட்டை, அதாவது நெட்வொர்க் வழியாகத் தொடங்கும் வசதியை, இயக்கினால், கம்ப்யூட்டர் டிஎச்சிபி (ஐபி முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறை) மூலம் ஐபி முகவரியையும் பூட் ஃபைலின் பெயரையும் வாங்கி, அந்த ஃபைலை டிஎஃப்டிபி (எளிய ஃபைல் அனுப்பும் முறை) சர்வரிலிருந்து இறக்கி இன்ஸ்டாலரைத் தொடங்கிவிடும். மொழி, பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரிப்பது), பாஸ்வேர்டு என்று அது கேட்பதற்கெல்லாம் பதிலை ப்ரீசீட் ஃபைலில் முன்பே எழுதி வைக்கலாம். ரூட்டர் ஏற்கெனவே ஐபி கொடுக்கிறதா? இன்னொரு டிஎச்சிபி சர்வர் வைக்காதீர்கள், இரண்டும் மோதும். டிஎன்எஸ்மாஸ்க் என்ற சர்வர் மென்பொருளை ப்ராக்ஸி முறையில் (ஐபி கொடுப்பதை ரூட்டருக்கே விட்டு, பூட் விவரத்தை மட்டும் தருவது) ஓட்டினால் போதும். அப்புறம், பார்ட்டிஷனுக்கும் ப்ரீசீட்டிலேயே பதில் இருந்தால் டிஸ்க்கைக் கேட்காமலே அழித்துவிடும், ஆகவே மாணவர்களின் ஃபைல்களை முதலில் பத்திரப்படுத்துங்கள், பூட் வரிசையில் ஹார்டு டிஸ்க்கே முதலில் இருக்கட்டும், இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் பூட் மெனுவில் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுங்கள்.